கணக்குன்னா ஜிஎஸ்டி மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க வணிகப் பக்கத்துல மேலாண்மைக் கணக்கியல் (எந்த சாமானுக்கு என்ன செலவு, எதுல லாபம்னு பாத்து முடிவெடுக்க உள்ளுக்குள்ள போடற கணக்கு) பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, ரெண்டு தடவை படிச்சேன். இதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதறதே இல்ல, நீங்க போட்டதுக்கு மொதல்ல நன்றி. ஆனா கம்ப்யூட்டரும் எம்பிஏ படிப்பும் வந்ததுக்கு அப்புறம் பெரிய கம்பெனிகளுக்காக உருவான துறை இதுங்கிற மாதிரி அதுல ஒரு இடம் இருந்துச்சு, அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நான் கோயம்புத்தூர்ல இரும்பை உருக்கி வார்க்கற ஒரு பவுண்டரில 32 வருஷம் காஸ்டிங் செக்‌ஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் (இந்தக் கடிதத்துல காஸ்டிங்னு எழுதறதெல்லாம் செலவுக் கணக்குதான், இரும்பு பீஸைச் சொல்ற இடத்துல வார்ப்புன்னே எழுதறேன், ரெண்டும் ஒரே மாதிரி காதுல விழும்). அந்த இடத்தைப் படிச்சுட்டு ஒரு சின்ன பட்டறைக்காரர் "இது நமக்கு இல்லப்பா, டாட்டா பிர்லாவுக்கு"ன்னு பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிட்டா ரொம்ப நஷ்டம். ஏன்னா இது உண்மையில பட்டறையிலதான் பொறந்துச்சு, அதுவும் ஒரு பானை செய்யறவரோட பட்டறையில.

இங்கிலாந்துல ஸ்டாஃபர்ட்ஷயர்ங்கிற ஊர்ப்பக்கம் ஜோசையா வெட்ஜ்வுட்னு ஒருத்தர் இருந்தாரு. பீங்கான் சாமான், பூ ஜாடி செய்யறவரு. குயவர் குடும்பத்துல பொறந்து ராணிக்கே சாமான் சப்ளை பண்ற அளவுக்கு வளந்தவரு, பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினுக்கு அம்மா வழித் தாத்தாவும் இவர்தான். 1769ல எட்ரூரியான்னு பேர் வெச்சு பெரிய ஃபாக்டரி தொறந்தாரு. மூணே வருஷம், 1772ல லண்டன்ல ஒரு பேங்க் பார்ட்னர் கடனை அடைக்க முடியாம பிரான்சுக்கு ஓடிப்போனதுல ஆரம்பிச்சு பேங்க் மேல பேங்க்கா விழுந்து, ஸ்காட்லாந்து வரைக்கும் போயி, ஊரே கையில காசில்லாம நின்னுச்சு. இவருக்கும் ஜாடி விக்கல, சரக்கு தேங்கிப் போச்சு, கையில பணம் இல்ல. விலையைக் குறைச்சா விக்கும், ஆனா எவ்வளவு குறைச்சா நஷ்டம் வராதுன்னு அவருக்குத் தெரியல. அவ்வளவு பெரிய ஃபாக்டரி வெச்சிருக்காரு, ஒரு ஜாடி செய்ய உண்மையில என்ன செலவாகுதுன்னு அவர்கிட்ட கணக்கு இல்ல. இன்னிக்கு நம்ம ஊர்ல எத்தனை பேரு இதே நெலமையில இருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க.

அப்ப அவரு உக்காந்து கணக்கு போட்டாரு. மண்ணுல ஆரம்பிச்சு கூலி, சூளைக்குப் போடற நிலக்கரி, வாடகை, கிளர்க் சம்பளம், அச்சு செய்யற செலவு, ஒடைஞ்சு போறதுன்னு ஒவ்வொண்ணா எழுதி ஜாடிக்கு ஜாடி பிரிச்சாரு. அப்படிப் போட்டப்போ ரெண்டு விஷயம் வெளிய வந்துச்சு. ஒண்ணு, அவர் போட்ட கணக்கும் ஆபீஸ் புஸ்தகமும் ஒத்துப் போகல, ஏன்னு தோண்டிக்கிட்டே போனா ஹெட் கிளர்க் பணத்தை எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. ரெண்டாவதுதான் பெருசு. சில செலவு இருக்கு, நூறு ஜாடி செஞ்சாலும் ஆயிரம் ஜாடி செஞ்சாலும் கடிகாரம் ஓடற மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். வாடகை அப்படித்தான், அச்சும் டிசைனும் அப்படித்தான். அந்தச் செலவை நிறைய ஜாடி மேல பரப்பினா ஒரு ஜாடிக்கு கம்மியா விழும். மாறும் செலவு, மாறாத செலவுன்னு இன்னிக்கு பிகாம் பசங்க மார்க்குக்காக மனப்பாடம் பண்றாங்களே, அதை இவரு 1772ல தன் பார்ட்னர் பென்ட்லிக்கு எழுதின லெட்டர்ல எழுதியிருக்காரு. வாத்தியாரும் இல்ல, பாடப் புஸ்தகமும் இல்ல, தேங்கிக் கெடந்த சரக்குதான் அவருக்குச் சொல்லிக் குடுத்துச்சு.

அதோட விடல அவரு. பிரபுக்கள் வீட்ல இந்த ஜாடி ரொம்ப நாளா இருக்கு, நடுத்தரக் குடும்பத்துக்காரங்க அதைப் பாத்து ஆசைப்பட்டுக்கிட்டு இருக்காங்க, அதனால இப்ப விலையைக் குறைச்சு நிறைய செஞ்சா அவங்க வாங்குவாங்க, மாறாத செலவும் பரவிடும்னு முடிவு பண்ணாரு. கணக்கும் வியாபாரமும் ஒரே மனுஷன் தலைக்குள்ள ஒண்ணா இருந்ததாலதான் இந்த முடிவு வந்துச்சுன்னு நான் நெனக்கிறேன். காஸ்டிங்னா என்னன்னு யாராவது என்னைக் கேட்டா நான் விளக்கமெல்லாம் சொல்றதில்ல, இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

அப்புறம் அமெரிக்காவுல பஞ்சு மில்லு வந்துச்சு. அதுக்கு முன்னாடி வியாபாரி வெளியில பஞ்சு வாங்கி வெளியாள்கிட்ட நூல் நூத்து வெளியாள்கிட்ட நெசவு போட்டாரு, ஒவ்வொண்ணுக்கும் மார்க்கெட் விலை கையில இருந்துச்சு, தனியா கணக்குத் தேவைப்படல. எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்ததும் நூத்தல் செலவு என்ன, நெசவு செலவு என்னன்னு சொல்ல வெளி விலையே இல்லாம போச்சு, அதனால மில்லுக்காரங்க உள்ளுக்குள்ளயே கெஜத்துக்கு இவ்வளவு, பவுண்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு வெக்க ஆரம்பிச்சாங்க. ரயில்வேல இன்னும் சிக்கல், நூத்துக்கணக்கான மைல் தள்ளி நடக்கறதை ஒரு ரூம்ல உக்காந்து பாக்கணும். லூயிவில் நாஷ்வில் ரயில்வேல ஆல்பர்ட் ஃபிங்க்னு ஒரு இன்ஜினியர், பாலம் கட்டறவரு, 1874ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு. ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டு போக என்ன செலவுன்னு ஒவ்வொரு பிராஞ்ச் லைனுக்கும் தனித்தனியா போட்டுக் காட்டினாரு. ரயில் ஓடற தூரத்தைப் பொறுத்து மாறறது, ஸ்டேஷன்ல சரக்கைக் கையாளறதுனால மாறறது, ரயில் ஓடினாலும் ஓடாட்டியும் ஆகறது, கடனுக்கு வட்டின்னு செலவைப் பிரிச்சாரு. ஒரே கம்பெனிக்குள்ள ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அப்பதான் தெரிஞ்சுது, எல்லாத்துக்கும் சேத்து ஒரே சராசரி ரேட் வெச்சா ஏமாந்துருவோம்னும் அப்பதான் புரிஞ்சுது. இந்த சராசரிங்கிற வார்த்தையை ஞாபகத்துல வெச்சுக்கங்க, கீழ திரும்பவும் வருது.

அமெரிக்காவோட பெரிய ஸ்டீல் முதலாளி ஆண்ட்ரூ கார்னகி ரயில்வேல வேலை பாத்துத்தான் இதைக் கத்துக்கிட்டாரு, 1875ல எட்கர் தாம்சன் ஸ்டீல் மில் ஓட ஆரம்பிச்சதும் அங்க கொண்டு வந்தாரு. ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் காஸ்ட் ஷீட். உலைக்குப் போடற கோக் கரி எவ்வளவு, இரும்புத் தாது எவ்வளவு, கூலி எவ்வளவு, போன மாசத்தைவிட ஏன் கூடுச்சு? செலவைக் கவனி, லாபம் தன்னைத்தானே பாத்துக்கும்ங்கிறதுதான் அவரோட கொள்கை. (தொழிலாளிகளை அவர் கம்பெனி நடத்தின விதம் வேற விஷயம், 1892ல அவரோட ஹோம்ஸ்டெட் ஸ்டீல் ஆலையில தொழிலாளர் போராட்டத்துல ரத்தம் சிந்துச்சு, செலவைப் பாக்கற கண்ணு மனுஷனைப் பாக்காமப் போனா என்ன ஆகும்ங்கிறதும் இந்த வரலாத்துல சேந்ததுதான்.)

இப்ப நான் உண்மையில சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன், அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச். இங்கிலாந்துக்காரர், இன்ஜினியர், இவரைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல. 1901ல ஒரு இன்ஜினியரிங் பத்திரிகையில தொடரா எழுதினாரு. அந்தக் காலத்துல பெரும்பாலான ஃபாக்டரிகள்ல ஓவர்ஹெட்டை (வாடகை, மேற்பார்வை மாதிரி எந்த ஒரு சாமானுக்கும்னு நேராச் சொல்ல முடியாத பொதுச் செலவை) மொத்தமாக் கூட்டி, கூலி மேல இத்தனை சதவீதம்னு ஏத்திட்டு நிம்மதியா இருந்தாங்க. சர்ச் கேட்டாரு, ஒருத்தன் பெரிய விலை உயர்ந்த மெஷின்ல நிக்கிறான், இன்னொருத்தன் கையில அரம் வெச்சு ராவுறான், ரெண்டு பேர் கூலியும் ஒண்ணுன்னா ரெண்டு பேர் வேலைக்கும் ஒரே ஓவர்ஹெட்டா? ஒவ்வொரு மெஷினையும் ஒரு சின்ன கடை மாதிரி நெனைங்க, அந்தக் கடைக்கு எடம், கரண்ட், தேய்மானம், மேற்பார்வை எல்லாத்துக்கும் வாடகை போடுங்க, எந்த வேலை அந்தக் கடைக்குள்ள எவ்வளவு நேரம் இருந்துச்சோ அது அவ்வளவு வாடகை கட்டட்டும்னாரு. எவ்வளவு எளிமையா இருக்கு பாருங்க. ஆனா யாரும் பெருசா எடுத்துக்கல, கிளர்க் வெச்சு கையால அத்தனை கணக்கு போடறது கஷ்டம்னு விட்டுட்டாங்க.

அதுக்கு அப்புறம் அமெரிக்காவுல டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகள், டூபாண்ட்ல இருந்த டொனால்ட்சன் பிரவுன் போட்ட முதலீட்டு லாப ஃபார்முலா, 1920ல கார் விக்காம தேங்கி ஜெனரல் மோட்டார்ஸ் தள்ளாடினது, பிரவுன் அங்க போயி பட்ஜெட் முறை கொண்டு வந்தது, இதெல்லாம் உங்க கட்டுரையிலயே நல்லா வந்திருக்கு, நான் திரும்ப எழுதல. ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு. அமெரிக்கப் பேராசிரியர்கள் ராபர்ட் கேப்லனும் தாமஸ் ஜான்சனும் 1987ல எழுதின புஸ்தகத்துல ஒரு விஷயம் சொன்னாங்க, இன்னிக்கு நாம பாக்கற மேலாண்மைக் கணக்கு முறை எல்லாமே ஏறக்குறைய 1925க்குள்ள வந்துருச்சு, அதுக்கப்புறம் அறுபது வருஷம் புதுசா ஒண்ணும் பெருசா வரலன்னு. ஏன்னா கணக்கு யாருக்காகங்கிறது மாறிப் போச்சு. ஷேர் வாங்கினவங்களுக்கும் ஆடிட்டருக்கும் காட்டற வருஷக் கணக்குதான் முக்கியம்னு ஆச்சு, அதுக்கு சரக்கோட மொத்த மதிப்பு சரியா இருந்தாப் போதும், எந்த சாமான்ல லாபம் எந்த சாமான்ல நஷ்டம்னு ஆடிட்டர் கேக்கறதில்ல. நம்ம பக்கத்து வார்த்தையில சொன்னா ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) சரியா இருந்தாப் போதும்னு விட்டுட்டாங்க. நகரத்தார் கணக்குல ஐந்தொகைங்கிறது எவ்வளவு கௌரவமான வார்த்தைன்னு எனக்குத் தெரியும், அதைக் குறைச்சுச் சொல்லல. ஆனா ஐந்தொகை வருஷக் கடைசியில நாம எங்க நிக்கிறோம்னு சொல்லும், எந்த அடியில சறுக்கினோம்னு சொல்லாது.

எங்க பவுண்டரில நடந்ததைச் சொல்றேன். கோயம்புத்தூர் பக்கம் வார்ப்புன்னா கிலோ ரேட்டுதான். பம்பு பாடியா, இம்பெல்லரா, கவுண்டர் வெயிட்டா, எதுவா இருந்தாலும் பார்ட்டி கேக்கறது "கிலோ எவ்வளவுங்க?". எங்க முதலாளியும் மொத்தச் செலவை மொத்த டன்னால வகுத்து, மேல கொஞ்சம் வெச்சு ரேட் சொல்லுவாரு. புரியறதுக்காக ரவுண்டா ஒரு கணக்கு போடறேன், நெஜ நம்பர் இல்ல. மாசம் 20,000 கிலோ. அதுல பாதி 40 கிலோ எடையுள்ள கட்டிப் பீஸ், உள்ள கோர் (பீஸுக்குள்ள வெத்து எடம் வர வெக்கற மணல் கட்டி) கெடையாது, வார்த்துக் கவுத்தா வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி 2 கிலோ பீஸ், மெல்லிசு, உள்ள கோர் வெக்கணும், ஃபெட்லிங்ல (வார்த்த பீஸைச் செதுக்கிச் சுத்தம் பண்ற எடத்துல) உளியும் கிரைண்டருமா நிக்கணும், ரிஜெக்‌ஷனும் ஜாஸ்தி. இரும்பும் உருக்கறதும் ரெண்டுக்கும் கிலோவுக்கு 60 ரூபாய்னு வைங்க. மோல்டிங், கோர், ஃபெட்லிங், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் சேந்து 8 லட்சம். சராசரி போட்டா கிலோவுக்கு 40. ஆக அடக்கம் 100, நாம 110க்கு விக்கிறோம், மாசம் 2 லட்சம் லாபம், எல்லாரும் சந்தோஷம்.

ஆனா அந்த 8 லட்சத்துல ஆறரை லட்சம் சின்ன பீஸ்தான் தின்னுதுன்னா? அப்ப கட்டிப் பீஸோட உண்மையான அடக்கம் 75 ரூபா, சின்ன பீஸோடது 125 ரூபா. ரெண்டையும் 110க்கு வித்துக்கிட்டு இருக்கோம். விவரம் தெரிஞ்ச பக்கத்து பவுண்டரிக்காரன் கட்டிப் பீஸுக்கு 95 ரூபா கோட் பண்ணுவான், ஆர்டர் அவனுக்குப் போயிரும். சின்ன பீஸுக்கு அவன் 140 கேப்பான், பார்ட்டி எல்லாம் நம்மகிட்ட ஓடி வருவாங்க. நாம ஆர்டர் குவியுதுன்னு குஷியா எடுத்துப் போட்டுப்போம். கடைசியில முழுக்க சின்ன பீஸாவே ஆயிருச்சுன்னா மாசம் அதே 20 டன், அதே 22 லட்சம் விற்பனை, ஆனா 2 லட்சம் லாபம் இருந்த எடத்துல 3 லட்சம் நஷ்டம். ஃபாக்டரி ராப்பகலா ஓடும், ஓவர்டைம் போகும், ஆனா பேங்க்ல ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். வட்டி ஏறிப் போச்சு, பிக் அயர்ன் (உருக்கற மூல இரும்பு) விலை ஏறிப் போச்சு, ஆளுங்க சரியில்லன்னு எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, கிலோ ரேட் மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

எங்க எடத்துல கிட்டத்தட்ட இப்படித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. கண்டுபிடிச்சது நான் இல்லீங்க, ஃபெட்லிங்ல இருந்த ஒரு பெரியவரு. நான் டன் கணக்கு எழுத அங்க போறப்போ ஒரு நாள் அவராவே சொன்னாரு, "கணக்குல டன்னு டன்னுங்கறீங்க, எங்களுக்கு டன்னுல வேலை இல்லீங்க, பீஸுலதானுங்க வேலை, சின்ன பீஸுதான் நாள முழுங்குது". அந்த ஒரு வார்த்தை போதும். அடுத்த ரெண்டு வாரம் நானும் இன்னொரு பையனும் வாட்சை வெச்சுக்கிட்டு கோர் ஷாப்லயும் ஃபெட்லிங்லயும் நின்னு எந்த பீஸுக்கு எத்தனை நிமிஷம்னு எழுதினோம். முதலாளி மொதல்ல நம்பல, அவரே வந்து ஒரு நாள் நின்னு பாத்தாரு, அதுக்கப்புறம் பீஸுக்கு பீஸ் ரேட் போட ஆரம்பிச்சோம். சில பார்ட்டி கோவிச்சுக்கிட்டுப் போனாங்க, போனது நஷ்டப் பார்ட்டிங்கிறதால ஓடி குறைய ஆரம்பிச்சுது. ரொம்ப வருஷம் கழிச்சு காஸ்ட் அக்கவுண்டன்சி படிச்ச ஒரு தம்பி சொன்னாரு, 1980கள்ல அமெரிக்காவுல ஜான் டியர் டிராக்டர் கம்பெனியோட பார்ட்ஸ் ஃபாக்டரில இதே கதை நடந்திருக்குன்னு. பெரிய வால்யூம் பார்ட்ஸுக்குக் கோட் பண்ணா தோப்பாங்க, கொஞ்சமா செய்யற பார்ட்ஸுக்கு கோட் பண்ணா ஜெயிப்பாங்க, ஏன்னு பாத்தா ஓவர்ஹெட்டை சராசரியா ஏத்தினதுதான் காரணம். அதுலேர்ந்துதான் ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங்னு (எந்த சாமானுக்கு எந்த வேலை எவ்வளவு நடந்துச்சோ அதைப் பாத்து ஓவர்ஹெட்டை ஏத்தறது) ஒரு முறையே பேர் வாங்குச்சு, மேல சொன்ன கேப்லனும் கூப்பர்ங்கிற இன்னொரு பேராசிரியரும் அதைப் பரப்பினாங்க. சர்ச் 1901ல சொன்னது, எண்பது வருஷம் கழிச்சு வேற பேர்ல திரும்பி வந்திருக்கு. அதைக் கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு, நாங்க பட்ட கஷ்டத்துக்கு பதில் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அச்சுல இருந்திருக்கு, ஆனா தமிழ்ல இல்ல.

நம்ம நாட்டுல இது வேற மாதிரி வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1944ல, கல்கத்தாவுல காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க, 1959ல அதுக்குன்னு பார்லிமெண்ட்ல தனிச் சட்டம் வந்துச்சு. 1965ல கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி காஸ்ட் ஆடிட் (செலவுக் கணக்குக்குத் தணிக்கை) கொண்டு வந்தாங்க. சிமெண்ட், சர்க்கரை, மருந்து மாதிரி சாமானுக்கு விலை நியாயமான்னு சர்க்கார் பாக்கறதுக்கு அது உதவிச்சு, நல்ல நோக்கம்தான், அந்த இன்ஸ்டிட்யூட் உருவாக்கின ஆளுங்களை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா இதுல ஒரு பக்க விளைவு, காஸ்டிங்னா சர்க்காருக்கு ஃபில் பண்ணிக் குடுக்கற ஃபாரம்னு முதலாளிங்க மனசுல பதிஞ்சு போச்சு. இப்ப இருக்கற 2014 ரூல்ஸ்படி வருஷம் 35 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கற கம்பெனிதான், அதுவும் குறிப்பிட்ட சில தொழில்னாதான், காஸ்ட் ரெக்கார்டு வெச்சாகணும். அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு கட்டாயம் இல்ல. கட்டாயம் இல்லன்னா தேவையும் இல்லன்னு நம்மாளுங்க எடுத்துக்கிட்டாங்க. நெலமை நேர் எதிருங்க, பெரிய கம்பெனிக்கு ஒரு தப்பு கோட்டேஷன் வந்தா தாங்கும், நாலு லேத் வெச்சு ஜாப் ஒர்க் (அடுத்தவங்களுக்குக் கூலிக்கு மெஷின் வேலை) பண்றவருக்கு ஒரு தப்பு ரேட் ஒரு வருஷம் உழைப்பைக் கொண்டு போயிரும்.

இன்னிக்கும் போய்ப் பாருங்க, ஜாப் ஒர்க் பண்றவர்கிட்ட உங்க மெஷின் ஒரு மணி நேரம் ஓட என்ன செலவுன்னு கேட்டா தெரியாது. கணக்கெல்லாம் எப்படின்னு கேட்டா ஆடிட்டர் ஜிஎஸ்டி போட்டுடறாருங்கம்பாரு. ரேட் எப்படிப் போடறீங்கன்னா பக்கத்து ஷெட்ல என்ன ரேட்டோ அதுல அம்பது பைசா கம்மிம்பாரு. பக்கத்து ஷெட்காரரும் இவரைப் பாத்துத்தான் ரேட் போட்டிருப்பாரு. சொந்தக் கட்டடம்னா வாடகை ஏத்தறதில்ல, சம்சாரமும் பையனும் வேலை செஞ்சா அதுக்குக் கூலி ஏத்தறதில்ல, மெஷின் தேய்மானம் எழுதறதே இல்ல. பத்து வருஷம் கழிச்சு மெஷின் போயிட்டா புதுசு வாங்க பணம் இருக்காது, திரும்பவும் கடன். இவங்க யாரும் சோம்பேறி இல்ல, விவரம் இல்லாதவங்களும் இல்ல, மைக்ரான் கணக்குல வேலை செய்யறவங்க. இந்தக் கணக்கை மட்டும் அவங்க பேசற பாஷையில யாரும் உக்காந்து சொல்லித் தரல.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு நாள் அரைப்பக்கம் போதும். ஒரு வாரம் லேத் பட்டறை, ஒரு வாரம் பனியன் கம்பெனி, ஒரு வாரம் விசைத்தறி, ஒரு வாரம் இட்லிக் கடை, ஒரு சாமானை எடுத்து அதோட அடக்கத்தை வரி வரியா தமிழ்ல போட்டுக் காட்டுங்க. வாடகை எங்க ஏறுது, தேய்மானம் எங்க ஏறுது, வீட்டாளுங்க கூலியை எப்படி எழுதறதுன்னு படிச்சுட்டு ஒருத்தர் தன் நோட்டுல அப்படியே போட்டுப் பாக்கற மாதிரி இருக்கணும். எழுத ஆள் இல்லன்னு சொல்லிடாதீங்க, இந்த ஊர்ல மட்டும் என்னை மாதிரி ரிட்டயர் ஆன காஸ்டிங் ஆளுங்க நிறையப் பேர் சும்மா உக்காந்திருக்கோம், கூப்பிட்டா நாளைக்கே வர்றோம், காசு வேண்டாம். வார்ப்புக்கு மொத வாரம் நானே எழுதித் தர்றேன், நிமிஷம் குறிச்ச அந்தப் பழைய நோட்டு இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற காஸ்டிங் ஊழியர்,
கோயம்புத்தூர்